தரங்கம்பாடிக்கு ஒருநாள் குடும்பப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையில் வீடு இருந்தால் லீவு விட்டதும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் திருக்கடையூரில் அபிராமியைக் கும்பிட்டுவிட்டு, "அப்படியே தரங்கம்பாடியையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே" என்பார்கள். அந்த "ஒரு எட்டு" என்ற பேச்சுதான் எனக்கு ஆகாது. கோட்டை வாசலில் நாலு போட்டோ, கடலில் கால் நனைப்பு, ஒரு மாங்காய்ப் பத்தை, இருபது நிமிடத்தில் கார் கிளம்பிவிடும். இந்த ஊருக்கு ஒரு பகல் முழுவதும் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் மாறுவதே இல்லை என்பதால், பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

ஒருநாள் முழுக்க அங்கே என்ன இருக்கு?

கடலும் சரித்திரமும் வேறு வேறு இடத்தில் இல்லை என்பதுதான் இந்த ஊரின் விசேஷம். மாமல்லபுரத்தில்கூட சிற்பம் பார்த்துவிட்டுக் கடலுக்கு நடக்க வேண்டும். இங்கே கோட்டை மதிலை ஒட்டியே மணல். ஊர் நுழைவாயிலில் தொடங்கிக் கடற்கரை வரை போகும் ராஜா வீதி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரு கோட்டை, 300 வயது தாண்டிய இரண்டு தேவாலயங்கள், ஆளுநர் மாளிகை, கல்லறைத் தோட்டம், கடல் பாதி தின்ற ஒரு சிவன் கோயில். பாட்டியும் நடந்துவிடலாம், ஏழு வயதுப் பையனும் நடந்துவிடலாம்.

எப்படிப் போவது? ரயில் இருக்கா?

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர் அளவு. பொறையார், காரைக்கால் போகும் பஸ்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான் போகும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயிலே ஓடியது. 1926இல் வந்த பாதை, 1986இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் அந்த ரயிலைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்கள்.

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்புவது முடியாத காரியம் இல்லை, ஆனால் பார்த்தது எல்லாம் ரோடாகத்தான் இருக்கும். முதல்நாள் இரவே சிதம்பரத்திலோ மயிலாடுதுறையிலோ தங்கிவிடுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒருநாள் தாராளம்.

எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது?

என் வரிசை இதுதான். சூரியன் எழும்போது கடற்கரையில் இருக்க வேண்டும். வங்கக் கடல் என்பதால் உதயம் நேரே கடலிலிருந்து வரும். எட்டரை மணி வாக்கில் டிபன். பிறகு ராஜா வீதி நடை, தேவாலயங்கள். வெயில் ஏறிய பிறகு கோட்டைக்குள்ளே அருங்காட்சியகம். தடித்த சுவருக்குள் வெளியே அளவு சூடு இருக்காது. மதியம் சாப்பாடு, சின்னத் தூக்கம். நாலரை மணிக்கு மேல் மறுபடி கடல்.

மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் கோட்டையின் நிழல் மணல்மேல் நீளும். அந்த நிழலில் சுண்டலோடு உட்கார்ந்திருப்பதற்காகவே நான் போவதுண்டு. பௌர்ணமியாக அமைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட இருங்கள், சூரியன் மறைகிற நேரத்தில் எதிரே நிலா எழும்பும்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்றைக்கு விடுமுறை விடுவது வழக்கம். ஞாயிறு காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்கச் சங்கடம். சனிக்கிழமைதான் சரி.

அது டச்சுக்காரன் கோட்டைதானே?

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். டச்சு வேறு, டேனிஷ் வேறு. டச்சுக்காரர் ஹாலந்து நாட்டுக்காரர். அவர்கள் இருந்தது நாகப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு. தரங்கம்பாடி டென்மார்க் நாட்டினருடையது. நடுவில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் மூன்று ஐரோப்பிய நாடுகள் கடை விரித்திருந்த கரை இது. எல்லாருக்கும் பின்னால் இருந்த ஆசை ஒன்றுதான், மிளகும் துணியும்.

டென்மார்க்காரர்கள் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்?

அவர்கள் முதலில் குறி வைத்தது இலங்கையை. கண்டி அரசரோடு ஒப்பந்தம் போட நினைத்து வந்தார்கள், அது கைகூடவில்லை. அதற்கு முன்பே வந்த ஓரெசுன்ட் என்ற கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் மூழ்கடித்துவிட, தப்பியவர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நாயக்கருக்கோ போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நல்லதுதான். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. டேனிஷ் தரப்பில் வந்தவர் தளபதி ஓவே கியெட்டே. அந்த ஆண்டே டான்ஸ்போர்க் கோட்டை வேலை தொடங்கியது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதத்தை இன்றும் கோபன்ஹேகனில் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு "கோட்டை, ஒப்பந்தம்" எல்லாம் போரடிக்குமே. கதை ஏதாவது இருக்கா?

இருக்கிறது. கோட்டை மாடியில் கடலைப் பார்த்து நிற்க வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

டென்மார்க் ஐரோப்பாவில் சண்டையில் மாட்டிக்கொண்டது, இங்கே வியாபாரம் நடத்திய டேனிஷ் கம்பெனியிடம் காசு இல்லை. 1639இல் ஒரு கப்பல் வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, ஏறத்தாழ 30 வருடம். கோட்டையில் இருந்தவர்கள் செத்தும் விலகியும் போய், கடைசியில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே. அவர் பிரபு குலத்தவர் இல்லை, சாதாரண ஆள். உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கொடியை இறக்காமல் காத்தார். குத்தகைப் பாக்கிக்காக நாயக்கர் படை வந்து முற்றுகை போட்டபோது தாக்குப் பிடித்தார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் ஃபாரோ என்ற கப்பல் தொடுவானத்தில் தெரிந்தது. நீங்கள்தான் இங்கே தலைவர் என்ற அரசு உத்தரவு அப்போதுதான் அவர் கைக்கு வந்தது.

என் தங்கை மகன் இதைக் கேட்டுவிட்டு, "அவர் டெய்லி இங்க வந்து நின்னு பாத்திருப்பாரா மாமா?" என்றான். அப்புறம் பத்து நிமிடம் அவனே கப்பல் தேடிக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு ஃபைபர் படகு தெரிந்ததும் போட்ட சத்தத்தில் கோட்டையே திரும்பிப் பார்த்தது.

கோட்டைக்குள்ளே என்ன பார்க்க வேண்டும்?

கீழ்த்தளம் கிடங்கு, சிறை, வீரர்கள் தங்கிய அறைகள். மேல்தளம் ஆளுநர் இருந்த இடம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் மேலே இருக்கிறது: காசுகள், பீங்கான், வாள்கள், பழைய ஆவணங்கள். ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற கதையை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பேசினார்கள், பன்னிரண்டரை லட்சம் ரூபாய். "ஊரை எப்படி விக்க முடியும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

விற்ற பிறகு 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, வியாபாரமும் அங்கே போயிற்று. தரங்கம்பாடி தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் நமக்குக் கிடைத்தன என்பது என் கட்சி.

ராஜா வீதியில் எதையெல்லாம் விடக்கூடாது?

நுழைவாயிலை வண்டியில் கடந்துவிடாதீர்கள், இறங்கி நடந்து உள்ளே போங்கள். இப்போது நிற்கும் வளைவு 1792இல் கட்டியது. உள்ளே சீயோன் தேவாலயம், 1701இல் எழுந்தது. சற்றுத் தள்ளி புதிய எருசலேம் தேவாலயம், 1718. பெயர்தான் புதியது.

இந்த இரண்டாவது தேவாலயத்தில் கொஞ்சம் நேரம் உட்காருங்கள். உள்ளே பலிபீடத்தின் பக்கத்தில் சீகன்பால்கு அடக்கமாகி இருக்கிறார். 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானிய மதபோதகர். மறுநாள் அவருக்கு 24 வயது பிறந்தது. தமிழ் கற்றுக்கொள்ளத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துக்கூட்டினார். உள்ளூர் டேனிஷ் அதிகாரியோடு முறைத்துக்கொண்டு நாலு மாதம் அதே கோட்டையில் சிறையிலும் இருந்தார். 36 வயதில், 1719இல் இறந்துவிட்டார்.

அவர் வாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருந்தால் விடாதீர்கள். அச்சு எந்திரத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அச்சுக் கோர்ப்பது என்றால் என்னவென்று புரியும்.

இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் என்கிறார்களே?

தவறு. கோவாவில் 1556இலேயே அச்சு எந்திரம் வந்துவிட்டது. தமிழில் அச்சான நூலும் 1578இல் கொல்லத்தில் வந்த "தம்பிரான் வணக்கம்" இருக்கிறது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. தமிழ் அச்சு நின்று போயிருந்த காலத்தில் இங்கே மறுபடி தொடங்கி விடாமல் நடந்தது.

அந்த எந்திரம் வந்து சேர்ந்ததே பெரிய கதை. லண்டனிலிருந்து கிளம்பிய கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்தார். 1712இல் எந்திரம் மட்டும் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் கட்டைவிரல் பருமன், காகிதம் கட்டுபடியாகவில்லை. சீஸ் வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. காகிதத்துக்கும் பக்கத்துப் பொறையாரில் பட்டறை போட்டார்கள்.

இதைச் சொன்ன கையோடு பிள்ளைகளை ஈர மணலுக்குக் கூட்டிப்போய், சீகன்பால்கு மாதிரி விரலால் "அ" எழுதச் சொல்லுங்கள். அலை வந்து அழிப்பதற்குள் யார் முழுதாக எழுதி முடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால், மாமாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

தரங்கம்பாடி என்றால் "பாடும் அலைகள்" என்றுதானே அர்த்தம்?

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, அது சரி. ஆனால் பாடி என்பது ஆயர்பாடி, வாணியம்பாடி, காட்டுப்பாடி மாதிரி குடியிருப்பைக் குறிப்பது; பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கல்வெட்டில் ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர் வருவதற்கு 300 வருடம் முன்பே இங்கே ஊர் இருந்திருக்கிறது. அதற்குச் சாட்சி அடுத்த கேள்வியில் வருகிறது.

கடலோரத்தில் இருக்கிறதே, அந்தக் கோயில்?

மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. ஊரில் நிற்பவற்றில் மூத்தது இதுதான், ஆனால் பலர் கோட்டையோடு திரும்பிவிடுவார்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. பின்னால் திருப்பணி செய்து வழிபாடு நடக்கிறது, கரையில் கருங்கல்லும் கொட்டியிருக்கிறார்கள். என் அப்பா சின்ன வயதில் பார்த்த கோயில் வேறு, நான் பார்த்தது வேறு.

அலை ஓரத்தில் குனிந்து பார்த்தால் செங்கல் துண்டுகள் கிடக்கும். முனை எல்லாம் தேய்ந்து, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாகி, உள்ளே மட்டும் சிவப்பு மாறாமல் இருக்கும். யார் வீட்டுச் சுவரோ. என் மேஜையில் ஒன்று காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

சுனாமி இங்கேயும் வந்ததா?

வந்தது. 2004 டிசம்பர் 26 காலை இந்த ஊர் நிறையப் பேரை இழந்தது, அதிலும் மீனவர் குடும்பங்கள். நீங்கள் பேசப்போகும் படகுக்காரர் வீட்டிலும் இழப்பு இருந்திருக்கலாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். ஊரின் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலைக்கு வேகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

குளிக்கலாமா?

கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். கொட்டிய கருங்கல்லில் பாசி, மேலே ஏறி செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது மணல் பக்கமே போகாதீர்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் வந்தால் மணலில் செருப்பு இல்லாமல் நடக்க முடியாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சந்தேகம் இருந்தால் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரையாவது "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

ஓசோன் காற்று நிறைந்த கடற்கரை என்று சொல்கிறார்களே, ஆஸ்துமாவுக்கு நல்லதாமே?

எங்கள் பெரிய அத்தை இதற்காகவே வந்து, அரை மணி நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஓசோன் வானத்தில் உயரத்தில் இருந்தால் நமக்கு நல்லது. மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாக்காரர்களை இன்னும் அதிகமாக. கடல் வாசனைக்குக் காரணம் கடல்நுண்ணுயிர்களிலிருந்து வரும் ஒரு கந்தகச் சேர்மம். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம்.

சாப்பாடு?

கடற்கரையில் சுண்டல், பஜ்ஜி அளவுதான். வயிறார மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே பொறையார் போய்விடுங்கள், பாத்ரூம் வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மீன் சாப்பாடு கேட்கும் முன் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது கரையோரம் போகும் சின்னப் படகில் வரும் மீன்தான் புதுசு, வஞ்சிரம் என்று கொடுப்பது பெரும்பாலும் ஐஸில் இருந்தது. நெத்திலி, மத்தி கேளுங்கள். நெத்திலி வறுவல் மொறுமொறுப்பாக வந்தால் பிள்ளைகள் முள் என்று புலம்ப மாட்டார்கள்.

வழியில் சேர்த்துப் பார்க்க வேறு என்ன?

திருக்கடையூர் 8 கிலோமீட்டர்தான், அறுபதாம் கல்யாணக் கூட்டம் அன்றாடம் இருக்கும். பூம்புகாரையும் சேர்க்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும். நான் சேர்க்கச் சொல்வது தில்லையாடியை. யாரும் நிற்காமல் கடந்துபோகும் சின்ன ஊர். வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் இது. அவர் பிறந்து வளர்ந்தது தென்னாப்பிரிக்காவில். காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை போய், அங்கே உடல் கெட்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அன்றுதான் அவருக்கு 16 வயது. மறு ஆண்டு இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்கே வந்தார். நினைவு மண்டபத்தில் பத்து நிமிடம் போதும். பத்தாவது படிக்கும் பெண் வீட்டில் இருந்தால் அவளை உள்ளே தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

கரையில் "டேனிஷ் காசு சார்" என்று யாராவது உள்ளங்கையை விரிக்கலாம். டேனிஷ்காரர்கள் இங்கே காசு அடித்தது உண்மை. நம் "காசு" என்ற சொல்லையே "காஸ்" என்று நாணயத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். சின்னச் சின்ன ஈய, செப்புக் காசுகள் மணலில் ஒதுங்கியதும் உண்டு. ஆனால் உங்களிடம் நீட்டப்படுவது அதுதானா என்று தெரியாது, வாங்க வேண்டாம். கோட்டைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் போதும்.

கருவாடு வாங்கலாம். டிக்கியில் வைக்கும்போது இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் சித்தப்பா ஒரே பையோடு விட்டுவிட்டு, அடுத்த பத்து நாள் ஜன்னலை இறக்கிக்கொண்டே ஆபீஸ் போய்வந்தார்.